அப்பாவின் தோளும் என் கனமும்

அப்பாவின் வலது கை தோளுக்கு மேல் ஏறாது. யாராவது கேட்டால் எங்கள் சொந்தக்காரர்கள் என்னைக் காட்டி, "இவ ஏறி உக்காந்துதான் தோளு போச்சு" என்பார்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்கள். பதினைந்து வயது வரை நானும் அதை நம்பினேன்.

அப்பா தூத்துக்குடி துறைமுகத்தில், கப்பலில் ஏற்றிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டும் வேலை பார்த்தார். நீளக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்கி மாட்ட வேண்டும். அந்த வேலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர் அம்மாவின் அண்ணன், என் மாமா. ஊரில் எல்லோருக்கும் நல்லவர். எனக்கும் நல்லவராகத்தான் இருந்தார்.

நான் இரண்டாம் வகுப்பு படித்த வருடம் அப்பாவுக்குத் தோள்வலி வந்தது. சட்டையைக்கூட அம்மாதான் மாட்டிவிட்டாள். மாமா பைக்கில் கூட்டிப்போய்த் தோளில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக் கொண்டுவந்து விட்டார். நாலைந்து நாளில் அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். சில வாரங்களில் வலி திரும்பியது, மறுபடி ஊசி. இந்த முறை டாக்டர் கண்டித்து அனுப்பியிருந்தார்.

"வலி போச்சுன்னா புண்ணு ஆறிட்டுன்னு நினைக்காதங்காரு. கனம் தூக்கக் கூடாதாம். அடுத்தடுத்து போட்டா உள்ள இருக்க நாரு நைஞ்சு போவுமாம்" என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா.

"அப்ப டாக்டரு வந்து கம்பி மாட்டுவாரா மாப்ள?" என்றார் மாமா.

மூன்றாவது ஊசிக்கு வேறு டாக்டரைத் தேடித் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். முன்பு போட்ட ஊசிகளைப் பற்றி அங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று வழியிலேயே சொல்லிவிட்டாராம். அப்பாவும் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் சூரசம்ஹாரம் பார்க்கத் திருச்செந்தூர் போனோம். கடற்கரையில் என் உயரத்துக்கு மனிதர்களின் முதுகுகள் மட்டுமே தெரிந்தன. நான் அழுதேன். அப்பா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா தடுத்தபோது, "இப்ப வலியே இல்லளா" என்றார். சூரனின் ஒவ்வொரு தலையும் விழுவதை முழுதாகப் பார்த்தேன். இறக்கிவிட்டதும், "ஏ யப்பா, என்னா கனம்" என்று தோளைப் பிடித்துக்கொண்டு கோணல் நடை நடந்து காட்டினார். அம்மாகூடச் சிரித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் கப்பலுக்குப் போனார். கம்பியை மேலே தள்ளும்போது தோளுக்குள் ஏதோ அறுந்தது. கூட வேலை செய்தவர்கள் இருவர் ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள்.

காயத்துக்கு நஷ்டஈடு தருவது பற்றி விசாரிக்க ஆபீஸிலிருந்து ஆள் வருவதற்கு முன், மாமா எனக்கு ஒரு பொட்டலம் மக்ரூன் வாங்கி வந்தார்.

"திருச்செந்தூர்ல அப்பா தோள்ல உக்காந்தியா இல்லியா?"

"உக்காந்தேன்."

"அத அப்படியே சொல்லணும், என்னா? பொய் சொல்லக் கூடாது."

ஆபீஸ்காரர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார். நான் உள்ளதைச் சொன்னேன். இறங்கியதும் அப்பா என்ன சொன்னார் என்று கேட்டார். "ஏ யப்பா, என்னா கனம்னு சொன்னாரு" என்றேன். நடந்தும் காட்டினேன். அவர் எழுதிக்கொண்டார்.

"திருச்செந்தூர்லயே பிஞ்சது, கப்பல்ல தெரிஞ்சிருக்கு" என்றார் மாமா.

அப்பா கட்டிலில்தான் இருந்தார். ஊசியைப் பற்றியோ, கம்பியைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் வாட்ச்மேன் வேலை வாங்கித் தருவதாக மாமா சொல்லியிருந்தது எனக்கு அப்போது தெரியாது. வேலையில் பட்ட காயம் இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள். நான் மக்ரூனில் ஒன்றை அப்பாவிடம் நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டார். தின்றாரா என்று பார்க்கவில்லை.

பதினைந்து வயதில், ஒரு கல்யாண வீட்டுச் சண்டையில் அம்மா மாமாவைப் பார்த்துக் கத்தியபோதுதான் புதுக்கோட்டை ஊசியும் வாட்ச்மேன் வேலையும் வெளியே வந்தன. அதுவும் எனக்காகக் கத்தியது இல்லை.

அதுவரை எட்டு வருடம், தினமும் இரண்டு இட்லியோடு போதும் என்று தட்டை விட்டு எழுந்துகொள்வேன். என் கனம் குறைந்தால் அப்பாவின் கை மேலே ஏறிவிடும் என்று நினைத்திருந்தேன். எதற்கு இப்படி அரைவயிறாக எழுகிறாய் என்று அம்மா திட்டும்போது ஒருமுறை அதை வாய்விட்டே சொல்லிவிட்டேன். அப்பா எதிரேதான் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமல், "அவளுக்கு இன்னும் ஒண்ணு வையி" என்றார்.

அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு தின்றேன்.