ஷரபுன்னிசா பால்வாடி பார்த்த கதை

1964-இல் நான் தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, கோட்டைப் பக்கம் ஒரு சர்க்கார் பால்வாடிக்கு டீச்சராகப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வட்டாரத்தில் மூன்று பால்வாடிகள். என்னுடையதுதான் முதல் தரம் என்று எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. சுவரில் கிளி, மயில் படங்கள். மூடி வைத்த குடிதண்ணீர்ப் பானை. முப்பத்திரண்டு பிள்ளைகளும் வாயில் விரல் வைத்து உட்கார்ந்தால் ஈ பறக்கிற சத்தம் கேட்கும்.

அந்த வருஷம்தான் ஷரபுன்னிசா வந்தாள். வீட்டில் இருந்தபடியே கம்மல் கற்களுக்குப் பட்டை தீட்டுகிறவள். கையோடு அழைத்து வந்திருந்த மகள் சுராயாவுக்கு நாலு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது. வாசற்படி தாண்டினால் ஒரு வார்த்தை வராது. சொந்தக்காரர்களே ஊமை என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"அடுத்த வருஷம் பெரிய ஸ்கூல்ல சேக்கணும் டீச்சர். பேரு கேட்டா எம் புள்ள சொல்லலேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க" என்றாள். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

ஒரு பொடிக் கல்லையே வெளிச்சத்தில் பத்துத் தரம் திருப்பிப் பார்க்கிறவள் பள்ளிக்கூடத்தைச் சும்மா விடுவாளா? மூன்றையும் பார்த்தாள். படத்தையும் பார்க்கவில்லை, பானையையும் பார்க்கவில்லை. வாசலோரம் இருக்கிற ஒரு பிள்ளையிடம், "உம் பேரு என்ன கண்ணு?" என்று கேட்பாள். அவ்வளவுதான் அவள் வைத்த பரீட்சை.

முதல் இடத்தில் அந்தப் பிள்ளை அழுதுவிட்டதாம். என் இடத்தில், பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. நான் பெருமையோடு தலையாட்டினேன். அப்புறம்தான் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு பெயரைச் சொல்லிற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

"ரொம்ப அழகா வச்சிருக்கீங்க டீச்சர். போயிட்டு வரேன்" என்று போனவள், மகளை மூன்றாவது பால்வாடியில், டோரதி டீச்சரிடம் சேர்த்துவிட்டாள். ஓடு ஒழுகுகிற இடம், சந்தைக்கடை இரைச்சல்! அங்கே இவள் கேட்ட பிள்ளை பெயரைச் சொல்லிவிட்டு, "உங்க பையில என்ன?" என்று திருப்பிக் கேட்டதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்று மாதம் பொறுத்தேன். பிறகு நாலு சாக்பீஸ் கேட்கப் போகிறவள்போல டோரதியிடம் போனேன். வாசலில் ஒரு பொடிசு வழியை மறித்துக்கொண்டு நின்றது.

"செருப்ப அங்க விடுங்க. டீச்சர் பால் கலக்குறாங்க. நீங்க யாரு?"

சுராயாவேதான். எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்தக் குரலைக் கேட்ட சந்தோஷத்தில் அழுகையும் வந்தது. சாக்பீஸ் வாங்க மறந்து திரும்பினேன்.

மறுநாள் என் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, "இன்னிக்கு எல்லாரும் இஷ்டப்படி பேசுங்கோ" என்றேன்.

எல்லாரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அப்புறம் முப்பத்திரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்: "என்ன பேசணும் டீச்சர்?"