மாடிக்கு விட்டுக்கொடுத்த சமையலறை

அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய எங்கள் தெருவில் வேம்புலியம்மாளை அறியாதவர் இல்லை. இளமையில் பருத்திப்பட்டு வயல்களில் நாற்று நட்டவர். வயல்கள் மனைகளான பின்னர், அதே மனைகளில் சித்தாளாகக் கல் சுமந்தவர். அரை கிரவுண்டு மனையில் அவரும் கணவரும் எழுப்பிய வீட்டின் முன்பாதி காங்கிரீட் தளம். அதன்மேல் ஒரு மாடி. பின்பாதி முழுவதும் ஆஸ்பெஸ்டாஸ் வேய்ந்த சமையலறை. அந்தக் கூரையின்மேல் எதையும் கட்ட இயலாது. கணவர் மறைந்த பின்னும் அங்கே உலை வைப்பதும் உப்பிடுவதும் அவர்தாம்.

மூத்த மகன் மாடியில் குடியிருந்தான். இளையவன் உலகநாதன் ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியன். தொண்ணூறுகளின் நடுவில் அவனுக்குத் திருமணமானபோது, புதுமணத் தம்பதியருக்குத் தாயின் அறையைத் தடுத்துத்தான் இடம் கொடுக்க முடிந்தது. தனியிடம் இல்லையென்றால் முகப்பேருக்கு வாடகைக்குப் போய்விடுவதாக அவன் சொல்லிவிட்டான். பிள்ளைகள் பிரிந்துவிடுவார்களே என்பதுதான் தாயின் கவலை.

அவ்வாண்டில்தான், ஒரு மாடிக்கு மேல் கூடாதென்றிருந்த உயரக் கட்டுப்பாடு எங்கள் பகுதியில் தளர்ந்தது. தெருவே மகிழ்ந்தது. பின்னாலேயே ஓர் இடைக்கால வரம்பும் வந்தது. குடிநீர்க் குழாயும் கழிவுநீர் வழியும் கூடுதல் குடும்பங்களைத் தாங்குமா என்று ஆராய்ந்து முடியும்வரை, எத்தனை மாடி எழுப்பினாலும், எல்லாத் தளங்களின் பரப்பும் சேர்ந்து மனையின் பரப்பில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. கீழ்த்தளம் மனை முழுவதும், மாடி அதில் பாதி என்று வேம்புலியம்மாளின் வீடு ஏற்கெனவே அந்த அளவைத் தொட்டு நின்றது.

வரைபடம் படிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் என்னை அழைத்தார்கள்.

"மேல கட்டலாம்ன்றான், கட்டக்கூடாதுன்றான். இன்னா சார் இது?"

"உயரம் போகலாம் அம்மா, மொத்த இடம் கூடக் கூடாது. மேலே ஓர் அறை வேண்டுமானால் கீழே ஓர் அறை குறைய வேண்டும்."

உலகநாதன் குறுக்கிட்டான். "தளம் போட்டுட்டா எவன் வந்து இடிப்பான்? ஊரே அப்படித்தான் கட்டிக்கினு கீது. அப்பால அனுமதி கேட்டு எழுதிக் குடுத்துக்கலாம்."

"தெருக்குழாய்ல தண்ணி வர்ற அழக நீ பாத்ததே இல்லியா? எல்லாரும் ஏத்திக்கினே போனா ஒரு கொடத்துக்கு எத்தினி பேரு அடிச்சிக்கிறது? அந்த வேலையே வாணாம்" என்று மகனை மறித்தார் வேம்புலியம்மாள்.

அதுவரை வாசற்படியில் நின்றிருந்த மூத்த மருமகள் பார்வதம் வாய் திறந்தாள். "அடுப்பாங்கரைய இடிச்சிட்டா இன்னா? ஒரே அடுப்புல மூணு பேரு, மொத்தச் சண்டையும் அங்கதான கீது. எனக்கு ஆக்க என் மாடில ஒரு மூல போதும்."

"அக்கா இன்னிக்குத்தான் எனக்குப் புடிச்சமாரி பேசுது" என்று சிரித்தாள் இளையவள் கண்ணம்மா.

"அப்ப நான் எங்கடி ஆக்கறது?"

"நீ எதுக்கு அத்தே ஆக்கணும்? நாங்க போடறோம், குந்திக்கினு துன்னு" என்றாள் கண்ணம்மா.

அன்பாகச் சொன்னதுதான். ஆனாலும் வேம்புலியம்மாளின் முகம் மாறியதைக் கண்டேன். வயலிலும் கட்டடத்திலும் கூலிக்கு உழைத்தவர், பிறர் ஏவாமல் தம் விருப்பப்படி வேலை செய்த ஒரே இடம் அந்தச் சமையலறை. சில நாள் கழித்து அவரே வந்தார். "அடுப்பாங்கரைய அழிச்சிட்டு வரைஞ்சி குடு சார்" என்றார்.

அனுமதி கிடைத்தது. சமையலறை இடிந்தது. இடித்த பரப்பின் அளவிலேயே, முன்பாதியின்மேல் இரண்டாம் மாடி எழுந்தது. கண்ணம்மா அங்கே பால் காய்ச்சினாள். முகப்பேர்ப் பேச்சு நின்றது.

மறுவாரம் மதிலருகே மீன்குழம்பு மணத்தது. எட்டிப் பார்த்தேன். வெட்டவெளியாகிவிட்ட பின்கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பின் முன் வேம்புலியம்மாள் அமர்ந்திருந்தார்.

"கூர இல்லாத எடம். இத்தயும் கணக்குல சேப்பாங்களா சார்?"

"சேர்க்க மாட்டார்கள் அம்மா."

மழை வந்தால் மாமியார் எந்த மாடிக்கு அடுப்பைத் தூக்குவார் என்று மருமகள்கள் இருவரும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசியில் மழை வந்தது. அவர் அடுப்பை மாடிப்படியின் கீழே நகர்த்தி வைத்துக்கொண்டு, குழம்பைக் கிளறினார்.