ஏழு கிலோவும் ஒரு பழைய சேலையும்

சென்னை விமான நிலையத்தில், வெயில் கொளுத்துகிற மே மாதத்தில், ஒரு பழைய சேலையை மஃப்ளர் மாதிரி கழுத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து ஒரு அறுபது வயது ஆசாமி நின்றிருந்தாரே... நீங்கள் யாராவது பார்த்தீர்களா?

பார்த்திருந்தால், 'பாவம், யார் பெத்த பிள்ளையோ' என்று பரிதாபப்பட்டிருப்பீர்கள். மிக்க நன்றி. அது அடியேன்தான்.

பத்தடி தள்ளி, 'இந்த ஆள் யாருன்னே எனக்குத் தெரியாது' என்கிற முகத்தோடு ஒரு அம்மா நின்றிருப்பார். அவர் என் மனைவி சுகந்தி.

விஷயம் இதுதான். ரிட்டையர் ஆன கையோடு மூன்று வாரம் ஐரோப்பா போவது என்று முடிவு செய்தோம். பாரிஸில் ஆரம்பித்து, நாலைந்து ஊர் சுற்றிவிட்டு, கடைசியாக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட். அங்கே என் தங்கை மகள் கயல் இருக்கிறாள். தலைப்பிரசவம். நாங்கள் போய்ச் சேர்ந்த சூட்டோடு குழந்தை பிறக்கும் என்பது டாக்டர் கணக்கு. ஊர் பார்த்த மாதிரியும் ஆச்சு, பிள்ளை பார்த்த மாதிரியும் ஆச்சு!

ஐரோப்பா போகிறவன் முதலில் என்ன செய்வான்? பெட்டி வாங்குவான். நான் வாங்கவில்லை. ஏன்? நான் வீடியோ பார்த்துவிட்டேன்.

தாடி வைத்த ஒரு பையன். முதுகில் ஒரே ஒரு பை. மொத்தம் ஏழு கிலோ. அதை வைத்துக்கொண்டு உலகத்தையே சுற்றுகிறானாம். லக்கேஜ் போட வேண்டாம், இறங்கியதும் பெல்ட் முன்னால் தவம் கிடக்க வேண்டாம், ராஜா மாதிரி நடந்து வெளியே வரலாம் என்றான். சட்டையை எப்படிச் சுருட்டுவது என்று காட்டினான். டூத் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்துவிட்டால் எடை குறையும் என்றான்.

அறுத்தேன். சத்தியமாக அறுத்தேன்.

அறுத்த பிரஷ்ஷை சுகந்தி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்படியே அந்த மீசையயும் எடுத்துடுங்க. இன்னும் கொஞ்சம் கொறையும்" என்றாள். லட்சியவாதிகளுக்கு வீட்டில் என்றைக்கு மரியாதை இருந்திருக்கிறது?

கொக்கி வைத்த டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கினேன். வீட்டில் தொங்கவிடக்கூடிய எல்லாவற்றையும் தொங்கவிட்டேன். லுங்கி தேறவில்லை. சுகந்தியின் தைல பாட்டில் தேறவில்லை. என் உடுப்பு மூன்று வாரத்துக்கும் சேர்த்து இரண்டு பேன்ட், மூன்று சட்டை என்று முடிவாயிற்று. பை சரியாக ஏழு கிலோவில் வந்து நின்றபோது எனக்கு வந்த பெருமை இருக்கிறதே... கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

ஆனால் அந்தத் தாடிக்காரப் பையனுக்கு ஒரு விஷயம் தெரியாது. அவனுக்குக் கடலூர் மாவட்டத்தில் சொந்தக்காரர்கள் இல்லை.

நம் பக்கத்தில் ஒருத்தன் வெளிநாடு போகிறான் என்றால் அவன் டூரிஸ்ட் இல்லை. கூரியர். அதுவும் காசு வாங்காத கூரியர்.

முதலில் வந்தவன் காடாம்புலியூரில் இருக்கும் என் மச்சான் ரவி, சுகந்தியின் தம்பி. ஒரு கையில் முந்திரிப் பை. இன்னொரு கையில்... பலாப்பழம்.

"மாமா, அங்கல்லாம் இது கெடைக்காதாமே? கயலு வாயும் வயிறுமா இருக்குது. சின்னதா பாத்துதான் எடுத்தாந்தேன்."

சின்னது! நான் வைத்திருந்த பையைவிட அது ஒரு சுற்றுப் பெரியது.

"மச்சான், கேபின்ல பலாப்பழத்த எங்கடா வெக்கிறது?"

"மடியில வெச்சுக்குங்க மாமா. பத்து மணி நேரந்தானே?"

முந்திரியில் ஒரு பிடி வாங்கிக்கொண்டேன். பலாப்பழத்தை அன்று சாயந்தரமே தெருவே கூடித் தின்றோம். ஐரோப்பா பிழைத்தது.

அடுத்து வந்தவள் என் தங்கை வளர்மதி. சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள், ஒரு முழு சூட்கேஸோடு.

இவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கயல் இவளுக்கு ஒரே பெண். இவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஒற்றை ஆளாக நின்று படிக்க வைத்து, கட்டிக் கொடுத்து அனுப்பினாள். மகளின் பிரசவத்துக்குப் போக இவளும் விசா கேட்டாள். கிடைக்கவில்லை. 'நீங்கள் ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்குப் போதிய நம்பிக்கை ஏற்படவில்லை' என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

யாரைச் சொல்கிறார்கள் பாருங்கள்! கடலூரில் என் வீட்டில் ஒரு ராத்திரி தங்கு என்றால், "பாலுக்கு ஒற ஊத்தணும்ண்ணே" என்று கடைசி பஸ்ஸைப் பிடித்து ஓடுகிறவள். இவள் ஜெர்மனியில் போய் ஒளிந்துகொள்ளப் போகிறாளாம்! விசா ஆபீஸில் இருப்பவர்களுக்குத்தான் எவ்வளவு ஞானம்.

சூட்கேஸைத் திறந்தாள். பிரசவ லேகியம். மலைப்பூண்டு. பெருங்காயம். வசம்பு. அடியில், நாலு பாலிதீன் கவரில் சுற்றியும் ஊரையே கூப்பிடுகிற வாசனையோடு பால்சுறாக் கருவாடு. தாய்க்குப் பால் ஊற அதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள். வேண்டியதுதான். ஆனால் என் கேபின் பையிலா?

"வளரு, இத மேல வெச்சா பிளேனத் திருப்பிடுவாங்க."

"மூடிதான வெச்சிருக்கேன்?"

"லேகியத்தையும் வுட மாட்டாங்க. அது தண்ணிக் கணக்குல வருமாம்."

"லேகியம் தண்ணியா? எவன் சொன்னான்?"

அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். ஏழு கிலோவின் தத்துவத்தை, கைவீசி நடப்பதன் சுதந்திரத்தை, தாடிக்காரப் பையனின் உபதேசத்தை. குறுக்கே பேசாமல் கேட்டாள். ஒவ்வொன்றாகத் திரும்ப சூட்கேஸில் அடுக்கினாள். கடைசியாக மடியிலிருந்து ஒரு பழைய சேலையை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

மாம்பழக் கலர் பருத்திச் சேலை. துவைத்துத் துவைத்துக் கலர் போய், தொட்டால் வழுக்குகிற மாதிரி மெத்தென்று ஆகியிருந்தது.

"மத்தது எதுவும் வேணாண்ணே. இத மட்டும் எடுத்துனு போ. கொழந்தய மொதல்ல இதுலதான் வாங்கணும்."

எனக்குத் தெரியாதா? பிறந்த பிள்ளைக்கு நம் வீடுகளில் புதுத்துணி போடுவதில்லை. அம்மா வீட்டுப் பழஞ்சேலையில்தான் முதலில் ஏந்துவோம். கயலையே அப்படித்தான் ஏந்தினோம்.

எல்லாம் தெரிந்தும் நான் என்ன செய்தேன்? சேலையைத் தராசில் தொங்கவிட்டேன். அரைக் கிலோ சொச்சம்.

"வளரு... ஒரு மொழம் கத்தரிச்சுக் குடேன். கொழந்த என்ன அவ்ளோ பெருசாவா இருக்கப்போவுது?"

அவள் என்னைப் பார்த்தாள்.

"நான்தான் போவ முடியல. எஞ்சேலையாவது முழுசாப் போவட்டுமேண்ணே."

சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. சுகந்தி பார்த்த பார்வையில் என் பையும் நானும் தராசும் சேர்ந்தே எரிந்திருக்க வேண்டும். சேலையை எடுத்து மடித்துப் பையில் வைத்தேன். அதற்குப் பதிலாக எதையாவது வெளியே எடுத்தேனா? அதுதான் இல்லை. ஏழு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்?

கேட்டார்கள். "சார், அரைக் கிலோ ஜாஸ்தியா இருக்கு" என்றது கவுன்டரில் இருந்த பெண். அப்போதுதான் சேலை கழுத்துக்கு ஏறியது. உடம்பில் இருப்பதற்கு எடை கிடையாது என்று அதே தாடிக்காரன்தான் சொல்லியிருந்தான்.

பாரிஸ் போய்ச் சேர்ந்தோம். பெல்ட் முன்னால் எல்லோரும் பெட்டிக்குக் காத்து நிற்க, நான் ராஜா நடை நடந்து வெளியே வந்தேன். உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது.

மற்றபடி அந்த லட்சிய வாழ்க்கை எப்படி இருந்தது என்கிறீர்களா? பகலெல்லாம் கோபுரம் பார்த்தேன், வந்ததும் குளியலறையில் சட்டை துவைத்தேன். ஜன்னலில் காயப்போடக் கூடாது என்று ஓட்டல்காரர் வந்து சொன்னார். ஃபேமிலி குரூப்பில் போட்டோ போட்டால் காடாம்புலியூரிலிருந்து ரவி கேட்கிறான்: "என்னா மாமா, எல்லா எடத்தயும் ஒரே நாள்ல பாத்துட்டீங்களா? சட்டையே மாறலியே?"

முதல் வாரம்கூட முடியவில்லை. ஒரு காலையில் பாரிஸ் ஓட்டலில் ரொட்டியும் வெண்ணெயும் தின்றுகொண்டிருந்தோம். போன். கயலின் கணவர் பிரபு.

"மாமா, கயலுக்கு வலி எடுத்துடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். ரெண்டு வாரம் முன்னாடியே..."

அருங்காட்சியகமாவது டிக்கெட்டாவது! மாடிக்கு ஓடினோம். இரண்டு பை. ஜிப்பை இழுத்தோம், முதுகில் மாட்டினோம், கிளம்பிவிட்டோம். பெரிய பெட்டிகளோடு லிஃப்ட்டுக்கு நின்ற கூட்டத்தைத் தாண்டிப் படியில் இறங்கி ஓடினோம். கிளம்புவதற்கு இருந்த ஸ்டுட்கார்ட் ரயிலைப் பிடித்தும்விட்டோம். அந்தத் தாடிக்காரன் எதிரே வந்திருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன்.

ரயில் நகர்ந்ததும் சிதம்பரத்திலிருந்து போன்.

"அண்ணே, எங்க இருக்க? சேலை இருக்குதா?"

"ரயில்ல இருக்கோம். மடியிலதான் வெச்சிருக்கேன்."

"கொஞ்சம் வேகமா போவச் சொல்லேன்."

"வளரு, இதுக்கு மேல வேகமாப் போனா இது பறக்கும்."

"பறந்தா என்னா?"

ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் கூப்பிட்டாள். நடுவில் எங்கள் மூன்று பேருக்கும் வேறு பேச்சே இல்லை. குழந்தைக்கு முன்னால் சேலை போய்ச் சேருமா, சேராதா? ஜெர்மனி வழியெல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்குமாமே. நான் பார்க்கவில்லை.

ஸ்டேஷனில் இறங்கி, டாக்ஸி பிடித்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் முதுகுப் பை தூக்கித் தூக்கிப் போட ஓடினோம். எதிரே பிரபு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"பொண்ணு மாமா. இப்பதான்... அரை மணி நேரம் ஆச்சு."

சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அதோடு, சேலை அரை மணி நேரத்தில் தோற்றுப்போனதும் உறைத்தது. உள்ளே போனோம். கயலின் மார்பில், ஆஸ்பத்திரியின் வெள்ளைத் துண்டில் சுற்றியபடி, சிவப்பாக ஒரு சின்ன முகம்.

சுகந்தி சேலையை நீட்டினாள். கயல் அதை வாங்கி, பிள்ளைக்குப் போடவில்லை. முதலில் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "அம்மா" என்று ஒரே வார்த்தை. தோள் குலுங்கியது. அப்புறம்தான் துண்டை விலக்கி, மகளைச் சேலையில் பொதிந்தாள்.

சரியாக அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வேறு யார்? கயலிடம் கொடுத்தேன்.

"நல்லாருக்கியாடி? கொழந்த நல்லாருக்குதா?" எல்லாம் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மொதல்ல எதுலடி வாங்குனாங்க?" என்றாள். அறை முழுக்கக் கேட்டது.

கயல் என்னைப் பார்த்தாள். நான் சுகந்தியைப் பார்த்தேன். பிரபு, வீடியோ கால் வந்துவிடுமோ என்ற பயத்தில், அந்த வெள்ளைத் துண்டை உருவிக் கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினார். ரொம்பப் பொறுப்பான மாப்பிள்ளை.

"உஞ்சேலையிலதாம்மா" என்றாள் கயல்.

"நெசமாவா?"

"நெசமாத்தான் வளரு!" என்று நான் கத்தினேன். "நாங்க பூந்ததும் கொழந்த வந்ததும் ஒண்ணா இருந்துச்சு!"

அந்தப் பக்கமிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

மிச்ச ஊர்களை எல்லாம் ரத்து செய்துவிட்டோம். ஐரோப்பாவில் நான் விரிவாகப் பார்த்தது பாரிஸும் கயல் வீட்டு வாஷிங் மெஷினும்தான். சுகந்தி பூண்டுக் குழம்பு வைக்கும்போதெல்லாம், "அந்தக் கருவாட எடுத்துனு வந்திருக்கலாம்" என்று என் காதில் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கிளம்பும் அன்று கயல் அந்தச் சேலையில் பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தாள். குழந்தை படுத்துக் கிடந்த பாதி. "தொவைக்காம அம்மாகிட்ட குடுத்துடுங்க மாமா" என்றாள்.

கடலூரில் பையை இறக்கி வைத்துவிட்டு மறுநாளே சிதம்பரம் போனேன். வளர்மதி பொட்டலத்தைப் பிரித்தாள். துணியை முகத்தில் வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"பால் வாசன வருதுண்ணே" என்றாள்.

இன்னும் பேத்தியைத் தொட்டுப் பார்க்காதவள் அவள். எப்போது பார்ப்பாளோ, அது விசா ஆபீஸுக்குத்தான் வெளிச்சம். ஆனால் இப்போது தெருவில் ஒரு வீடு பாக்கியில்லை. அந்தத் துணியை எடுத்துக்கொண்டு போய், "எம் பேத்திய மொதமொதல்ல வாங்குனது இதுலதான். எஞ்சேலைதான்!" என்று காட்டிவிட்டு வருகிறாள்.

நான் வாராவாரம் எழுதுகிற இந்தப் பத்தியை அவள் படிக்க மாட்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு வாரம்கூடப் படித்ததில்லை, அந்த விஷயத்தில் அவளை முழுசாக நம்பலாம். சிதம்பரம் வாசகர்களே, உங்களைத்தான் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்... அந்த வெள்ளைத் துண்டைப் பற்றி யாரும் மூச்சு விட்டுவிடாதீர்கள்.