மேஜையில் வைத்த நான்கு புஷ்கள்

நேற்று பாலக்கோடு தக்காளி மண்டி வாசலில், எனக்கு முன்னால் போன பழைய கார் ஒன்று வேகத்தடையில் ஏறி இறங்கியது. பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். “பின்சக்கர ரப்பர் புஷ் போயிடுச்சு” என்று என் வாய் தானாகச் சொன்னது. ஓய்வுபெற்ற தமிழ் டீச்சருக்கு, சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் இந்த ரப்பர் வளையத்தைப் பற்றி எப்படித் தெரியும் என்கிறீர்களா? எல்லாம் ஆத்திரத்தில் கற்றதுதான்.

ஏரியூர்ப் பள்ளியில் நான் சேர்ந்த புதிதில் மூன்று கை மாறிய ஒரு சின்னக் கார் வைத்திருந்தேன். முந்தைய சொந்தக்காரர் அதில் தக்காளி ஏற்றியிருப்பார் போல. மழை நாளில் உள்ளே ரசம் மணக்கும். அதில்தான் இந்த ‘டொக்’ கேட்டது. மூன்று முறை மெக்கானிக் சக்திவேலிடம் போனேன். மூன்றாம் முறை, டீ குடித்துக்கொண்டிருந்த நான்கு லாரி டிரைவர்கள் முன்னால் சொன்னார்:

“சத்தம் வண்டில இல்லீங்க டீச்சர், உங்க காதுல இருக்குது. வூட்டுக்காரர வரச் சொல்லுங்க.”

நால்வரும் சிரித்தார்கள். மறுநாள் கணவர் வண்டியைக் கொண்டுபோனார். “பின்னாடி புஷ் போச்சுங்க சார்” என்று இரண்டே நிமிடத்தில் சக்திவேல் சொல்லிவிட்டாராம். கணவர் அதைச் சாதனைபோல் வந்து சொன்னதும், வண்டியை அங்கே விடவே கூடாது என்று சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு டீச்சர் மேரியும் நானும் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, அடியில் கனமான மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்தோம். துருப்பிடித்த போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய ரப்பரைச் சுட்டுக் கழற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் புதியதை நெருக்கி ஏற்றினோம். புடவை ஒன்று போச்சு. விரல் நகம் ஒன்று கறுத்தது. ஒவ்வொரு போல்ட்டையும் சக்திவேலின் கழுத்து என்று நினைத்தே திருகினேன்.

மறுநாள் அவர் பட்டறை முன்னிருந்த மேட்டில் மூன்று முறை ஏற்றி இறக்கினேன். சத்தமே இல்லை. நேராக உள்ளே போய், கிழிந்த நான்கு புஷ்களையும் சக்திவேலின் டீ கிளாஸ் பக்கத்தில் வைத்தேன். டிரைவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சக்திவேல் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

“ஜாக்கில நிக்கும்போதே இறுக்கிட்டீங்க. வண்டி தரையில நின்னப்புறம் இறுக்கணுங்க. ரெண்டு மாசத்துல கிழிஞ்சிடும்.”

“பொறாமைங்க உங்களுக்கு” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டாம் மாதமே கிழிந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று மேரியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன்; சக்திவேல் சொன்னபடியே மறுபடி மாட்டினோம். வழியில் பார்க்கும்போதெல்லாம், “எப்படிங்க டீச்சர் ஓடுது?” என்பார். “அன்னிக்குப் போட்டதுதாங்க, அசையவே இல்ல” என்பேன், பல வருடம், கூசாமல்.

சாலையை அகலப்படுத்தியபோது பட்டறையை இடித்தார்கள். சக்திவேல் மகனோடு ஓசூர் போனார். அங்கேயே இறந்துவிட்டதாகக் கேள்வி. அன்று சிரித்த நால்வரின் முகங்களையும் சாகும்வரை மறக்கக் கூடாது என்று இருந்தேன். இன்று எவ்வளவு யோசித்தாலும் ஒரு மீசைகூட நினைவுக்கு வரவில்லை.