இரண்டாவது மோட்டாரை நிறுத்திய கதை

முதல் சோதனையிலேயே எங்கள் ராக்கெட் மோட்டார் வெடித்துச் சிதறியது. வானிலைக் கருவிகளை உயரத்துக்குக் கொண்டுபோகும் சிறிய சவுண்டிங் ராக்கெட் செய்வதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. பாலக்கோட்டுக்கு வெளியே, கைவிடப்பட்ட கல்குவாரியில் சோதனை மேடை. திட எரிபொருள் வார்க்கும் பிரிவு என் பொறுப்பில் இருந்தது.

புகை அடங்கியதும் பக்கத்துத் தோட்டத்து மாதம்மாள் வந்துவிட்டார். எல்லோரையும் முன்பே விலகியிருக்கச் சொன்னதால் யாருக்கும் காயமில்லை. ஆனால் மோட்டார் உறையின் ஒரு துண்டு அவருடைய தக்காளிச் செடிகளுக்கு நடுவே கிடந்தது.

"நாங்க வூட்டுக்குள்ள இருந்தோம், சரி. செடிகிட்ட நின்னிருந்தா என்னங்க ஆயிருக்கும்?"

"தப்பு எங்கன்னு தெரியாம இனி பத்த வெக்க மாட்டோங்க" என்றேன். இயக்குநரைக் கேட்காமலே கொடுத்த வாக்கு அது.

கையெழுத்து

இயக்குநர் சண்முகம் சார் அடுத்த வாரமே இரண்டாவது மோட்டாரைச் சோதிக்க நினைத்தார். ராக்கெட்டை ஏவக் கடற்கரை ஏவுதளத்தில் எங்களுக்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள்.

"இந்தத் தேதி போச்சுன்னா மறுபடி எப்பக் கெடைக்கும்னே தெரியாது, மல்லிகா."

"ரெண்டும் ஒரே பேட்ச் சார். அதுல இருந்த கொறை இதுலயும் இருக்கும். எக்ஸ்ரே எடுக்காம நான் கையெழுத்துப் போட மாட்டேங்க."

"நான் போட்டா?"

"போடுங்க சார். நான் மேடைப் பக்கம் வர மாட்டேன்."

கோபத்தில் எழுந்து போய்விட்டார். மாலையில் அவரே வந்து, "எக்ஸ்ரேக்கு அனுப்புங்க" என்றார்.

படத்தில் உறைக்கும் எரிபொருளுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு. இரண்டையும் ஒட்டவைக்கும் லைனர் பூச்சு பிடிக்கவில்லை. அந்த இடைவெளியில் தீ நுழைந்தால் அழுத்தம் எகிறி உறை வெடிக்கும். அடைமழை நாட்களில் பூசியிருந்தோம். காற்றின் ஈரம் பூச்சைக் கெடுத்துவிட்டது.

அந்த மோட்டாரை விதிமுறைப்படி அழித்தோம். தேதி போனது. பொறியாளர்கள் இருவர் வேறு வேலைக்குப் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பூச்சு அறையின் இடுக்குகளை அடைத்து, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் பொருத்தினோம். உறைத் தகட்டில் எரிபொருளைச் சாம்பிள் சாம்பிளாக ஒட்டி, இழுத்துப் பார்த்தோம். முதலில் கையாலேயே உரிந்து வந்தது. ஒட்டு விடாமல், ரப்பர் போலிருக்கும் எரிபொருளே கிழிந்த அன்றுதான் அடுத்த மோட்டார் வார்க்கச் சம்மதித்தேன்.

அது குவாரியில் கடைசிவரை சீராக எரிந்தது. மறுபடி தேதி கிடைத்தபோது, அதே முறையில் வார்த்த மோட்டாரோடுதான் ராக்கெட் கடற்கரையிலிருந்து கிளம்பியது. அது மேகத்துக்குள் மறைந்த பிறகும், மேலே வீசும் காற்றின் வெப்பநிலை எங்கள் திரைக்கு வந்துகொண்டே இருந்தது. சண்முகம் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை மாத உழைப்பானாலும், சந்தேகமுள்ள மோட்டாரை விட்டுவிடுங்கள். இன்னொன்று வார்க்க நமக்குக் கை இருக்கிறது.