வெட்டிய ஏழு வார்த்தைகள்

ஐயாக்கண்ணுவுக்கு சாதிக் பாஷா தர வேண்டியிருந்தது நூற்று நாற்பது ரூபாய். தர மாட்டேன் என்று பாஷா ஒருநாளும் சொன்னதில்லை. வாங்க மாட்டேன் என்றுதான் ஐயாக்கண்ணு நின்றார்.

சேர்வராயன் மலையில் கேபிள் டிவி என்றால் அது சாதிக் பாஷாதான். நாலாம் வகுப்பைத் தாண்டாதவர். ஒயர் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பித் தோட்டங்களுக்குள் புகுந்து மாரமங்கலம் வரை இழுத்தவர். இன்றைக்கு ஏற்காட்டின் ஒண்டிக்கடை முக்கில் மாடி ஆபீஸ், சொந்தமாக ஒரு லோக்கல் சேனல். அதில் படத்துக்கு அடியில் ஓடும் வரி விளம்பரத்தைப் பார்க்காமல் ஏற்காட்டில் ஒருவரும் சோற்றில் கை வைப்பதில்லை. இதை அவரே சொல்லுவார், பொய்யுமில்லை.

2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டபோது மாரமங்கலத்து விவசாயி ஐயாக்கண்ணு பஸ் ஏறி வந்தார். அவர் மகன் தனபால் பட்டாளத்தில் இருந்தான். அங்கே சட்டிதான் கழுவுகிறான் என்று ஊரில் ஒரு பேச்சு. அந்த வாயை அடைக்க வேண்டும். மகனுக்காகச் செய்யும் கோயில் பூசைக்கு ஒரு வரி விளம்பரம்; அதில் எந்த எல்லையில், எந்தப் படையோடு நிற்கிறான் என்று அவன் போனில் சொன்னதையும் அப்படியே எழுதிக் கொடுத்தார். அது எந்த இடம் என்பது இங்கேயும் வேண்டாம். வார்த்தைக்கு இருபது ரூபாய் வீதம் முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் போனார்.

அன்று மாலையே அரசாங்க உத்தரவு வந்தது. படை நிற்கும் இடம் டிவி, ரேடியோ, பத்திரிகை எதிலும் வரக்கூடாது. டில்லி சேனலுக்குச் சொன்னது ஒண்டிக்கடைக்கும் சேர்த்துத்தான் என்று பாஷா எடுத்துக்கொண்டார். இடத்தை வெட்டினார். எதற்கு வம்பென்று பட்டாளம் என்ற சொல்லையும் வெட்டினார். ஏழு வார்த்தை போக மிச்சம் ஓடியது: ‘மாரமங்கலம் தனபால் நலமாக இருக்க சேர்வராயன் கோயிலில் சிறப்புப் பூசை.’

மறுநாள் ஐயாக்கண்ணு வந்து நின்றார்.

“ஏனுங்க பாய், மவனுக்கு என்ன சீக்குன்னு ஊரே ஊட்டுக்கு வருதுங்க. ஒருத்தன் சாத்துக்குடியோட வந்துட்டான்.”

“இனிப்பா இருந்துதுங்களா?”

“வெளையாடாதீங்க.”

“கவுண்டரே, பையன் நிக்கற எடத்த நான் ஓட்டுனா பாக்கக் கூடாதவனும் பாப்பானுங்க. அவன் உசுருக்கு ஆரு பொறுப்பு? இந்தாங்க, ஏழு வார்த்தைக்குண்டான காசு.”

“காசு ஆருக்கு வேணும்? வார்த்தையப் போடுங்க. உங்க சேனல எதிரியா உக்காந்து பாக்கறான்?”

அது பாஷாவுக்குச் சுருக்கென்று தைத்தது. “என்ர சேனல ஆரு வேணாலும் பாப்பாங்க,” என்றார்.

சண்டை நின்ற பிறகும் அந்த வார்த்தைகள் ஓடவில்லை. ஒண்டிக்கடையில் பாஷா எதிர்ப்பட்டால் ஐயாக்கண்ணு ரோட்டின் மறுபக்கம் போனார். பணம் மேசை டிராயரில் தனியாகக் கிடந்தது.

ஆடியில் தனபால் லீவில் வந்தான். ஐயாக்கண்ணு அவனைக் கூட்டிவந்து பாஷா முன்னால் உட்கார வைத்தார்.

“எங்க நின்னே, என்ன பண்ணுனே, சொல்லு சாமி. பாய் காதுல உழுகட்டும்.”

தனபால் டீயைக் குடித்து முடித்தான். “அதச் சொல்லக் கூடாதுங்கப்பா.”

“சண்டைதான் நின்னு போச்சே.”

“நின்னாலுந்தானுங்க. போன்ல உங்ககிட்டச் சொன்னதே தப்பு.”

“அப்ப ஊர்ல கேக்கறவனுக்கு நான் என்னன்னு சொல்றது?”

“சட்டி கழுவறேன்னே இருக்கட்டுங்க.”

ஐயாக்கண்ணு டிவியைப் பார்த்தார். அடியில் ஒரு நகைக்கடை ஓடியது. அப்புறம் மிளகு நாற்றுப் பண்ணை. அது முடிந்ததும் பாஷா பக்கம் திரும்பிக் கையை நீட்டினார். பாஷா டிராயரைத் திறந்து, ஏழு இருபது ரூபாய் நோட்டுகளை அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.