நர்ஸம்மா பெயரில் இரண்டு அறைகள்

ஃபிஜியில் எங்கள் பக்கத்துக் கரும்புத்தோட்டக் குடும்பங்களில் முதன்முதலாக நர்ஸ் வேலைக்குப் போன பெண் அவர். வீட்டில் எதிர்த்தும் கேட்காமல் போனவர். குதிரையில் ஏறிப்போய்ப் பிரசவம் பார்ப்பார். நான் பிறந்ததும் அவர் கையில்தான். எல்லோருக்கும் அவர் நர்ஸம்மா. அவர் இறந்ததும், கர்ப்பிணிகளைப் பரிசோதிக்க எங்கள் ஊர் நடபுவாவில் இரண்டு அறைகள் கட்டி அவர் பெயரை வைப்பதென்று எட்டுப் பேர் கூடி முடிவெடுத்தோம். கூட்டத்தில் நர்ஸ் நான் ஒருத்திதான்.

சுவர் எழும்பும்போது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்ற பயத்தில் எட்டுப் பேரில் ஐந்து பேர் அடுத்தடுத்து ஆக்லாந்துக்கும் சிட்னிக்கும் போய்விட்டார்கள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரி வார்டிலும் அதே கதை. போனவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, வீங்கிய காலோடு வெளியே வந்தால், கூரைக்குத் தகரம் தேடி அலைய வேண்டும். என் கணவருக்குப் பொறுக்கவில்லை.

"கட்டி முடிச்சு என்ன பண்ணப்போற? நர்ஸு எல்லாம் பிளேன் ஏறியாச்சு. நம்ம விசா பேப்பரும் வந்திரும்."

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் மறுநாளும் தகரம் தேடிப் போனேன்.

திறப்பு விழாவுக்கு இருபது பேர் வந்திருப்பார்கள். ஒருவர் நர்ஸம்மாவின் பெருமையை நீளமாகப் பேசினார். பக்கத்து ஃபிஜியர் கிராமத்திலிருந்து நிறைமாத வயிற்றோடு வந்திருந்த ஒரு பெண், பேச்சு முடிந்ததும் எங்கள் ஊர் ஹிந்தியில் கேட்டாள்: "அதெல்லாம் சரி, திங்கட்கிழமை நான் வந்தால் இங்கே யார் இருப்பார்?"

"நான் இருப்பேன்" என்றேன்.

வீடு திரும்பும்போது கணவர் மெதுவாகச் சொன்னார்: "பேப்பர் நேத்தே வந்திருச்சு. விழா முடியட்டும்னுதான் சொல்லல."

"நீங்க பிள்ளைங்கள கூட்டிட்டு முன்னால போங்க. நான் பின்னால வரேன்."

அவர் கோபிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

திங்கட்கிழமை அவள் வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தை குறுக்காகக் கிடந்தது. டாக்ஸி பிடித்து நானே லௌடோக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அறுவை செய்து இருவரையும் காப்பாற்றினார்கள்.

கணவரும் பிள்ளைகளும் போன பிறகும், ஓய்வு நாளையெல்லாம் நர்ஸம்மா அறைகளிலேயே கழித்து, ஏறக்குறைய ஒரு வருடம் இருந்தேன். வாரம் ஒருநாள் வர ஒரு புது நர்ஸ் ஒப்புக்கொண்டதும் சாவியைக் கொடுத்தேன்.

"திரும்பி வருவீங்களா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா."

வருத்தப்படுவேன் என்று நினைத்திருந்தேன். நாடி விமான நிலையத்தில் விமானம் கிளம்புவதற்குள்ளேயே தூங்கிப்போனேன்.